மைல் மட்டும் என் பேரில்

அங்கப்ப நாயக்கன் தெரு முனையில்
டீ ஆறுவதற்குள் படித்துவிட்டேன்:
வாலில் நாரை வரைந்த அந்தக் கம்பெனி
கடனில் முழுகிவிட்டதாம்.
வேறொருத்தன் வாங்குகிறானாம்.
சேர்த்த மைல் எல்லாம்
முப்பத்தொண்ணாம் தேதி ராத்திரியோடு சரியாம்.
வடை மடித்த தாள்.
எண்ணெய் ஊறிய விமானத்தின் வயிற்றுக்குள்
பின்பக்கத்து நகைக்கடை தெரிந்தது.

பதினொரு வருஷம்.
போகும்போது லுங்கி, சுங்குடிச் சேலை, சர்க்கரை மாத்திரை.
வரும்போது சென்ட், செல்போன், குங்குமப்பூ,
அப்புறம் நான் கேட்கக் கூடாத ஒரு பொட்டலம்.
மண்ணடியில் எங்களுக்குக் குருவி என்று பேர்.
முப்பது கிலோ தூக்குகிற குருவியை
எந்த மரம் பார்த்திருக்கும்?

சிங்கப்பூருக்கு நூற்று நாற்பது தடவை.
அங்கே கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.
சிராங்கூனில் ஒரு கடை,
மாடியில் ஆறு பேர் படுக்கும் அறை,
விடிகாலை டாக்ஸி.
அவ்வளவுதான் வெளிநாடு.

டிக்கெட் காசு பானா மூனா பாயுடையது.
பெட்டி அவருடையது, பூட்டு அவருடையது,
சாவி அவர் தம்பியிடம்.
மைல் மட்டும் என் பேரில் விழுந்தது.
அதையும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்:
"நம்ம கணக்குல மாத்திக்க முடியாதாடா?"
முடியாது பாய்,
பறந்த உடம்புக்குத்தான் தருவான்.

தங்க அட்டை வந்தது.
இடம் பத்தாமல்
'உதுமான் பிச்' என்று நின்றுபோன என் பேர்.
நீட்டினால் கண்ணாடிக் கதவு திறக்கும்,
உள்ளே சோபா, சூப், "வாங்க சார்".
அதே கட்டடத்தில் இறங்கி வந்தால்
"டேய், இன்னிக்கு எத்தினி லோடு?"

ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.
பிரவுசிங் கடை லோகேஷ் திரையைப் படித்தான்:
"மிக்சி எடுக்கலாண்ணே. வாட்ச் எடுக்கலாம்.
இல்லாட்டி, சூப்பரா ஒரு டிராலி பெட்டி."
பெட்டியா! எனக்கா!
எனக்கு முன்னால் என் தோள்பட்டை சிரித்தது.
ரெண்டு டிக்கெட் போடு என்றேன்.
பினாங்கு. அங்கேதான் நமக்கு லோடு கிடையாது.

ஜீனத்தின் பாஸ்போர்ட்
ஹஜ்ஜுக்கென்று எடுத்தது,
பீரோவில் சேலைக்கு அடியில்
ஒரு முத்திரையும் படாமல் கிடந்தது.

மூன்று நாள் என்ன பார்த்தோம் என்று
யாரிடமும் சொல்வதாக இல்லை.
கடல் பார்த்தோம்.
காசிமேட்டு வாடை இல்லாத கடல்.
அவளுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது
ஒரு கைப்பை, அதில் ரெண்டு பிஸ்கட் பாக்கெட்.
பச்சை வழியில் பாதி தூரம் நடந்திருப்போம்.
"பெட்டி எங்கடா?"
இல்லை சார்.
"குருவி வெறுங்கையோட வந்தா
சரக்கு வயித்துலல்ல இருக்கும்!"

செருப்பின் அடியைக் கிழித்தார்கள்.
பெல்ட்டை உருவினார்கள்.
குளிர்ந்த பலகையில் நிறுத்தி
எலும்பு எலும்பாகப் படம் எடுத்தார்கள்.
தங்க அட்டையை ஒருத்தர்
நகத்தால் கீறிப் பார்த்தார், தங்கமோ என்று.
ரெண்டே கால் மணி நேரம்
பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் ஜீனத்.
இத்தனை வருஷத்தில்
நான் அவளுக்குச் சொல்லாத ஊர் அது ஒன்றுதான்.

திரிசூலத்தில் பீச் வண்டி ஏறினோம்.
மாம்பலம் தாண்டியதும் கேட்டாள்:
"எப்பவும் இப்படித்தானா?"
எழும்பூர் வரை யோசித்தேன்.
"இல்ல. பெட்டி இருந்தா
இவ்ளோ நேரம் ஆவாது."

கோட்டை போனது.
மடியில் கிடந்த பையை
ஒரு தடவை தூக்கி
எடை பார்த்தாள்.