இடது தோள்

மெய்நிகர் கண்ணாடிக்குள் ஒரு பள்ளத்தாக்கு,
குறுக்கே ஒற்றைப் பலகை.
"விழமாட்டீர்கள் சனெல்மா,
கீழே வெறும் கம்பளம்தான்" என்கிறாள் பிஹ்லா.
கம்பளம் என்று எனக்குத் தெரியும்.
என் முழங்கால்களுக்குத் தெரியவில்லை.

திரையில் என் எடை ஒரு சிவப்புப் புள்ளி.
எப்போதும் வலப்பக்கமே ஓடுகிறது.
ஏனென்று அவளுக்கும் புரியவில்லை.

இன்று கருவி பழுது.
நாற்காலியில் உட்கார்ந்து
கண்மூடி நடக்கச் சொன்னாள்,
தெரிந்த வழியில்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்:
குவோப்பியோவில் முப்பத்தொரு குளிர்காலம்
கடிதம் கொடுத்த தெரு.
மணல் தூவாத படிகள்,
பதினான்காம் எண் வீட்டு நாய்,
வரிக் கடிதம் வரும் நாளில் மட்டும்
கதவு திறக்காத ரெய்னோ.
பாதி வழியில்தான் கவனித்தேன்,
இடது தோளில் இன்னும் பை.

ஓய்வுபெற்றுப் பதினேழு ஆண்டு.
இல்லாத சுமைக்கு
இன்னும் ஈடுகட்டி நிற்கிறது உடம்பு.

பையை நாயின் காவலில் வைத்துவிட்டு
மிச்சத் தெருவையும் நடந்து முடித்தேன்.

எழுந்து நின்றேன்.
புள்ளி நடுவுக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்,
கருவிதான் பழுதாயிற்றே.

வெளியே பிப்ரவரி.
பேருந்து நிறுத்தம் வரை பனிக்கட்டி.
ஆணிக் காலணியை மாட்டுகிறேன்.
இரண்டு கையும் சும்மா இருப்பது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.