ஒரு விரல் அகலம்

டிசம்பரில் பட்டி வைத்து
உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துக் கொடுத்த ஓரம்
ஏப்ரலில் வாய் பிளந்துவிட்டது.
போட்டோ அனுப்பியிருந்தார் புஷ்கலா மேடம்,
அளவு தெரியட்டும் என்று
தன் சுண்டுவிரலையும் உள்ளே நுழைத்து.
"நாலு மாசம் தாங்கலையே தம்பி."

தப்பு என் மேல்தான்.
இந்த முறை கூலி கிடையாது, பஸ் காசும் என்னுடையது.

நாகலூர் ரோட்டில் கல் வீடு.
மேலே ஓடு. ஓட்டை மறைக்க
கம்பியில் தொங்கவிட்ட ஜிப்சம் போர்டு.
கல் மழைக்காலம் முழுக்கக் குடிக்கும்,
வெயில் வந்தால் மெல்லக் கக்கும்.
போர்டுக்கு அந்தப் பொறுமை இல்லை,
இரண்டு காகிதத்துக்கு நடுவே உலர்ந்த மாவு அது.
ஒன்று அசையும்போது இன்னொன்று அசையாது.
நடுவில் இறுகிக்கொண்டு நின்றது என் பட்டி.
பிளந்ததும் அதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன்,
ஆறு டியூப் அக்ரிலிக், ஒரு கட்டு ஃபோம் கயிறு.
பையிலிருந்து எட்டிப் பார்த்த கன்னைக் கண்டு
"சுடற ஐட்டமாங்க?" என்றார் கண்டக்டர்.
வளைவுகள் ஏற ஏற
கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள்
உப்பிக்கொண்டே போயின.
திறந்திருந்த ஒரு டியூப்பின் மூக்கில்
நான் செருகிய ஆணியைத் தள்ளிக்கொண்டு
வெள்ளையாய் ஒரு மொட்டு.

ஏணியில் ஏறிப் பழையதைச் சுரண்டினேன்.
கண்ணில் தூள்.
உள்ளேயிருந்து இரண்டு பல்லி முட்டைத் தோடு,
ஒரு வரிசை எறும்பு,
பிறகு முகத்தில் வந்து மோதியது
ஓட்டுக்கும் போர்டுக்கும் நடுவே அடைந்து கிடந்த பனி.
ஃபோம் கயிறு கடைசியில் ஒரு சாண் போதவில்லை.
வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில்
மிச்சமிருந்த ஃபோமை நறுக்கித் திணித்தேன்.
மேடம் பார்க்கவில்லை.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
வாயும் இருந்தது இங்கே.
பழைய கூடத்தைத் தடுத்துப் போட்ட இரண்டு அறை;
பக்கத்து அறையில் நேற்று வந்த விருந்தினர்
போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:
"பெங்களூர்லதாம்மா இருக்கேன்.
ஆமா, சரியான வெயில்.
மீட்டிங் முடியவே ஏழு மணி ஆயிரும்."
அவர் ஜன்னலில் சில்வர் ஓக் மரம் ஒன்றுகூடத் தெரியாத பனி.
இடையில் ஒரு பெண் தும்மினாள்.
"டிவி" என்றார்.

கன்னை அழுத்திக்கொண்டே நகர்ந்தேன்.
சுவரோரமாய் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்,
நிறுத்தினால் முடிச்சு விழும்.
"நாளைக்குக் காலைல கண்டிப்பா" வரைக்கும் கேட்டது.
கண்டிப்பாக என்ன என்பதை
அடைத்துவிட்டேன்.

ஈரவிரலால் ஒரு தடவல்.
காய்வதற்குள் டேப்பை உரித்தால்
கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும்.
இது முழுசாக இறுகாது மேடம்,
கல் இழுத்தால் கூடவே போகும், விட்டால் திரும்பும்
என்று விளக்கினேன்.
"பார்ப்போம்" என்றார், டீ கொடுத்தார்,
சுண்டுவிரலை ஓரத்தில் வைத்துப் பார்த்தார்.
நுழையவில்லை.

கடைசி பஸ். இறங்கும்போது காது அடைத்தது.
எச்சில் விழுங்கினேன், திறந்தது,
அடுத்த வளைவில் மறுபடி அடைத்தது.
கீழே சேலம் முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள்.

ஜெயக்கொடி கூப்பிட்டாள்.
"எங்க வர்றீங்க?"
"பன்னெண்டாவது வளைவு."
"மேடம் காசு குடுத்துட்டாங்களா?
சீட்டுக்காரம்மா வாசல்ல நிக்குது."

நகத்துக்குள் காய்ந்திருந்த வெள்ளையைப்
பல்லால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கலடி" என்றேன்.
"காது அடைச்சிருக்கு."

அப்போது அடைத்துத்தான் இருந்தது,
ஒரு காது.