வெந்நீர் மட்டும்

சிங்க்கில் தண்ணீர் நின்று மூன்று நாள்.
மேலே கேழ்வரகு ஏடு,
களிச் சட்டி கழுவிய பழுப்பு.
விரலால் தொட்டால் வழிவிட்டு
மறுபடி மூடிக்கொள்ளும்.

நாலு ரோட்டு ஹார்டுவேர் கடையில்
பாக்கெட் முப்பது ரூபாய்.
படத்தில் ஒரு குழாய் சிரித்துக்கொண்டிருந்தது.
பின்பக்கத்து எறும்பு எழுத்தை
டவுன் பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன்.
இலக்கியம்பட்டி வந்துவிட்டது,
எச்சரிக்கை முடியவில்லை.

முதல் பாக்கெட்டுக்கு
குழாய் ஓர் ஏப்பம் விட்டது. அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை இரண்டாவது.
சிங்க்கின் அடியில் கை வைத்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.
வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.
சனி இரவு டியூட்டிக்குக் கிளம்பும் முன்
மூன்றாவதையும் கொட்டி
ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி
வீட்டைப் பூட்டினேன்.

நான் நர்ஸ். அதையும் சொல்லிவிட வேண்டும்.
பெரியாஸ்பத்திரியில், ஆண்கள் அறுவைப் பிரிவு.
காரம் பட்ட சதை சோப்பாகும் என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்.

காலையில் மாடிப்படியில் ஹவுஸ் ஓனர் சம்பூரணம்.
அவர் அடுப்பங்கரைச் சுவரில்
ஈரம் இறங்கியிருந்தது,
பெயர் எழுதாத மாவட்ட வரைபடம்போல.
"பவுடர் கிவுடர் போட்டா
அட்வான்சுல கழிப்பேன்னு
குடிவரும்போதே சொன்னேன்ல?"

வேடியப்பன் வந்தார், பென்னாகரம் ரோட்டிலிருந்து,
மொபெட்டின் முன்னால் சாக்குப்பை,
பின்னால் நான்கடிக் குழாய்.
குனியும் முன் கேட்டார்:
"ஏதாச்சும் ஊத்துனீங்களாம்மா?"
சம்பூரணம் என்னைப் பார்த்தார்.
"வெந்நீர் மட்டும்" என்றேன்.

தரையில் மல்லாந்து படுத்து
அடி வளைவைத் திருகினார்.
பிவிசி லேசாகத் தொங்கியிருந்தது,
வெந்த முருங்கைக்காய்போல.
வாஷர் மென்று துப்பியதுபோல.
இணைப்பு விட்டுக்கொண்டு
ஒரு டம்ளர் அளவு, அதற்குமேல் இராது,
மணிக்கட்டில் விழுந்து
முழங்கை வரை ஓடியது.

கத்தவில்லை.
"வழுக்குதே" என்றார் முதலில்.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

இருபது நிமிடம், ஓடும் நீரில்.
சிங்க்கில் கழுவ வழியில்லை.
குழாயடியில் பக்கெட் வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.
நிறைய நிறைய
சம்பூரணம் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டுபோய்
கொட்டிவிட்டு வந்தார்.
ஒகேனக்கல் தண்ணீர் விட இன்னும் இரண்டு நாள்.
தொட்டியில் இருந்ததெல்லாம்
அந்தக் கைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது நிமிடத்தில் சொன்னேன்,
"மூணு பாக்கெட்."
"அதான் கேட்டேன்" என்றார்.

கட்டுப் போட்ட பிறகு
வேண்டாம் என்றாலும் கேளாமல்
இடது கையால் வளைவைத் தினத்தாள்மேல் தட்டினார்.
களி இல்லை. மயிர் இல்லை.
வெள்ளையாய் ஒரு கல்,
வளைவின் வடிவத்திலேயே இறுகிப்போய்.
களி எப்போது போயிற்றோ, யார் கண்டது.
நான் போட்டதுதான் அடைத்துக்கொண்டு நின்றது.

பில்: குழாய் நாலடி, வளைவு ஒன்று,
கப்ளிங் இரண்டு, பசை டப்பா.
கூலி என்ற இடத்தில்
இடது கையின் கோணல் கோடு ஒன்று.
பணத்தை வைத்துத் திணித்தேன்.
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு வார்டில்
பாதம் வெந்து ஒருவன் வந்தான்.
அரூர்ப் பக்கம், இருபத்தைந்து வயதிருக்கும்.
எதில் பட்டது என்றேன்.
அருகில் நின்ற அண்ணனை ஒரு தரம் பார்த்துவிட்டு
"வெந்நீருங்க" என்றான்.

கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டு
காலைக் கழுவத் தொடங்கினேன்.
"கேன்டீன்ல டீ இருக்கும், போய்ட்டு வாங்க"
என்றேன், அண்ணனிடம்.