வால்டாக்ஸ் ரோடு

சுவருக்கென்று வரி கேட்டார்களாம்.
சுவர் போயிற்று.
வரி, சாலையின் பெயராக நிற்கிறது.

விடிகாலை மூன்றரை.
செங்கல்வராயனின் மீன்பாடி வண்டியில்
பதினோரு மூட்டை பூண்டு,
கொத்தவால்சாவடிக்கு.
யானைக்கவுனி வளைவில்
சக்கரம் முனகுகிறது:
எத்தனை தார் போட்டும் அடங்காத மேடு.
அடியில் கோட்டைக் கல் என்பான் அவன்.
சாக்கடை மூடி என்பாள்
எதிரே டீ ஆற்றும் பல்கீஸ்.

மேட்டருகேதான்
பைக்கைச் சாய்த்து நிற்கும் காக்கி.
பேச்சில்லை.
இருபது ரூபாய் கை மாறும்.

நேற்றுப் பகலில்
வரைபடம் பிரித்துக்கொண்டு ஒருவர்
பழைய வாசல் எங்கே இருந்தது என்றார்.

"துட்டு எங்க குடுக்குறனோ
அங்கதான் சார்"

தலைத்துண்டை உதறினான்.
பூண்டுத்தோல் பறந்து
வரைபடத்தின் மேல் விழுந்தது,
கடல் பக்கமாக.