ஒன்றே முக்கால் வேகம்

புதுவயலில் பஸ் ஏறினால்
காரைக்குடி வருவதற்குள்
ஐம்பது நிமிடப் பாடம் முடிந்துவிடும்.
டாக்டர் உமையாள் என் காதுக்குள்
ஒன்றே முக்கால் வேகத்தில் பேசுவார்.
மூளைத்தண்டு, கண்பாவை, பக்கவாதம்,
எல்லாம் கடுகாய் வெடிக்கும் கீச்சுக்குரலில்.
நடுவில் அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பார்.
பத்து வினாடி தாண்டும் பொத்தான் இருக்கிறதே,
ஒரு மடக்கு குடிக்க விட்டதில்லை நான்.

நாற்பத்தோராவது நிமிடம் மட்டும்
எங்கள் பேட்சுக்கே மனப்பாடம்.
போன் அடிக்கும்.
"சிலிண்டரா? உள்ள வைக்கச் சொல்லு,
சில்லறை டிவி மேல இருக்கு."
பதிவு செய்தவர் வெட்ட மறந்தது.
பரீட்சைக்கு வராது.

மூன்றாம் வருடம், வார்டில் முதல் நாள்.
அதே மூக்குக்கண்ணாடி.
"எல்... லாரும்... வந்... தாச்சா?"
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தேன்.
சிரித்தார், இரண்டு ஓரமும் சமமாகத்தான் ஏறின.
கைகளை உயர்த்திக் கொண்டை முடிந்தார்,
எதுவும் தொய்யவில்லை.
குளறல் எப்போதிலிருந்து என்று
அவரிடமே கேட்க இருந்தேன்.
ரஹ்மத்நிஷா இடுப்பில் கிள்ளினாள்:
"அடியே, அவங்க பேச்சே இதுதான்டி."

ஒன்பதாம் கட்டிலில் சாத்தையா.
நெல் அவிக்கிற மில்லில் வேலை.
என்ன செய்யுது என்று கேட்டேன்.
வியாழக்கிழமை என்றார், இல்லை, வெள்ளி,
மூட்டையைத் தூக்கும்போது,
இல்லையில்லை, இறக்கி வைத்துப் பீடி பற்றவைக்கையில்.
அவருக்கும் அவருக்குமே வழக்கு.
என் கட்டைவிரல்
கோட்டுப் பைக்குள் துணியின்மேல்
இரண்டு முறை தட்டிற்று.
சாத்தையா தாண்டவில்லை.

மேடம் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.
பேசவில்லை.
யாரோ தூக்குச்சட்டி மூடியைத் திருகும் சத்தம்.
பதிவில் இப்படியொரு இடம் வந்திருந்தால்
நெட் போய்விட்டதென்று
மூடித் திறந்திருப்பேன்.

"கை மரத்தது போன வாரமே ஒருக்கா வந்துச்சு.
காமணி நேரத்துல சரியாப் போச்சு.
சொன்னா வேலைக்குக் கூப்பிட மாட்டாக..."
மீதியை அவர் போர்வையிடம் சொன்னார்.

"எழுதிக்க" என்றார் மேடம்.
பிறகு பாட்டிலைத் திறந்து
முழுதாய்க் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அடுத்த பாடம்.
வேகத்தை ஒன்றுக்கு இறக்கினேன்.
சாக்கோட்டை வருவதற்குள் தூங்கிப்போனேன்.
புதுவயலில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது
சிலிண்டர் உள்ளே போயிருந்தது.
நாளைக்கு ஒன்றேகாலில் வைத்துப் பார்க்க வேண்டும்.