ஆறு

ஐம்பத்துநாலோடு எட்டைக் கூட்டிப் பாருங்கள்.
அறுபத்திரண்டு.
கணக்கில் அறுபது இருந்தால் முதல் குரூப் என்று
சாரல் நனைத்த நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.
அந்த எட்டு, வரைபடத்தாளின் எட்டு.
பரவளையம் வரைந்தேன், அளவுத்திட்டம் எழுதினேன்,
நேர்கோடு அதை வெட்டிய இரண்டு இடத்திலும்
பென்சிலால் புள்ளி வைத்தேன்.
விடைத்தாளோடு நூல் கோத்துக் கட்டத்தான் மறந்தேன்.
ஹால் டிக்கெட் உறைக்குள் மடிந்து
என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

களக்காட்டுச் சந்தையில் அப்பா தார் இறக்குகிறவர்.
ஏத்தனோ ரசகதலியோ
ஏவாரி தட்டிப் பார்ப்பான், காம்பைக் கிள்ளிப் பார்ப்பான்,
பிறகுதான் ஒன்றாம் ரகம், ரெண்டாம் ரகம் என்பான்.
பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைத் தட்டிப் பார்க்கவில்லை.
முதல் குரூப்பில் கணக்கு உண்டு.
அடுத்ததில் தவளை உண்டு, கணக்கில்லை.
அதற்கடுத்ததில் பற்றும் வரவும்.
கடைசியில் நாங்கள்.
ஆபீஸ் அண்ணாச்சி தலை தூக்காமல் "பேரு?" என்றார்.
"முப்புடாதி."
"வரலாறு" என்றார்.
வெளியே வந்து அப்பா கேட்டார்:
"வரலாறுன்னா பீசு கம்மியாளா?"
"ரெண்டும் ஒண்ணுதான்."
"பொறவு என்ன" என்று சைக்கிள் ஸ்டாண்டை எத்திவிட்டார்.

பழைய ஹாலை பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருக்கிறது.
அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் டீச்சரும் முதல் குரூப்பும்,
இந்தப் பக்கம் பலவேசம் சாரும் நாங்களும்.
அடியில், எலி கடித்ததோ என்னவோ, ஒரு சாண் ஓட்டை.
இருக்கிற ஒரே மின்விசிறி அவர்களுக்கு,
அதன் சத்தம் எல்லோருக்கும்.
நான் கடைசி பெஞ்சு, பிளைவுட்டில் தோள் உரச.
வலது காதில் சிந்துவெளி,
இடது காதில் எல்லை மதிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை
சாக்பீஸ் கீச்சிட டீச்சர் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.
எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்பது,
கீழே எக்ஸ் கழித்தல் மூன்று.
"எக்ஸுக்கு மூணு போட முடியாது.
போட்டா பூஜ்யத்துக்குக் கீழ பூஜ்யம்.
ஆனா மூணு பக்கத்துல போகலாம்.
ரெண்டு புள்ளி ஒன்பது. ரெண்டு புள்ளி ஒன்பது ஒன்பது.
இப்ப சொல்லுங்க, மொத்தமும் எங்க போய் நிக்கும்?"
நாற்பத்தெட்டுப் பேர், ஒரு மூச்சில்லை.
அதே நேரம் சார் என்னைப் பார்த்து,
"மொகஞ்சதாரோ எங்கன இருக்குளா?"
"ஆறு" என்றேன்.
"ஆறுதான்ளா. எந்த ஆறு?"
அந்தப் பக்கம் சாக்பீஸ் நின்றது.
முதலில் சிரித்தது யாரென்று தெரியாது,
பிளைவுட்டே அதிர்ந்தது.

மறுநாள் டீச்சர் ஆபீஸில் போய்ப் பேசினாராம்.
கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, ஆகஸ்டோடு பூட்டியாச்சு,
இனி மெட்ராஸ்காரன்தான் திறக்கணும் என்றாராம் அண்ணாச்சி.
ரெண்டு புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது.

இப்போதெல்லாம் ஓட்டை வழியே நோட்டு வருகிறது.
"ஏளா, ஏழாவது கணக்கு" என்று செல்லக்கனியின் விரல்கள்.
ஒரு கணக்குக்கு ஒரு தேன்மிட்டாய்,
முக்கோணவியல் என்றால் இரண்டு.
வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்து
கனியின் கையெழுத்து மாதிரியே
குண்டு குண்டாக எழுதித் தள்ளுகிறேன்.
"கனி, நல்லா போட்டிருக்கியே" என்று கேட்கும்போது
எனக்குக் காது சூடாகும்.
இந்தப் பக்கம் அசோகர் கலிங்கத்துக்காக
வருந்திக்கொண்டிருப்பார்.

ஒருதடவை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.
கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில்
கழித்தல், கொஞ்சம் அழுத்தி.
டீச்சர் நோட்டைப் பார்த்து வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு செருப்புச் சத்தம் பிளைவுட் பக்கம் வந்து நின்றது.
"கனி, இது உன் தப்பு மாதிரி இல்லையே."

தேன்மிட்டாயைக் கடிக்காமல்
கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன்.