ஷிகு ஷிகு

எழுபத்திரண்டாம் எண் வந்ததும்
எண்ணை விட்டுவிட்டுப் பெயரைக் கூப்பிட்டார்கள்.
"சங்காய்யா-சாமா."
குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடக் கூடாதென்று
அப்பா பெயரைப் போட்டிருந்தேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அப்பாவாக எழுந்து போனேன்.

காகிதக் கோப்பையில் பெயர் எழுதி
கழிப்பறைச் சுவரின் குட்டிச் சன்னலில் வைக்க வேண்டும்.
வைத்தேன்.
அந்தப் பக்கமிருந்து உறை போட்ட கை ஒன்று
எடுத்துக்கொண்டது.
நன்றி என்றது சுவர்.

மறுபடியும் நாற்காலி.
பக்கத்தில் ஒரு வியட்நாம் பையன்,
அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, மோதிர விரலில் கட்டு.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
ஜப்பானிய மொழியில் ஆறு வாக்கியம் இருந்தது.
நான்கைக் குளிருக்கே செலவழித்தோம்.

அவசரமென்றால் யாரை அழைப்பது?
மாடிவீட்டுக்காரர் பெயரைத் தபால் பெட்டியில் படித்திருக்கிறேன்,
எழுதினேன்.
அடுத்த கட்டம் அவர் தொலைபேசி எண்ணைக் கேட்டது.
அழித்தேன். அழித்த தடம் கிடந்தது.

ஹோஷிகாவா என்று சட்டையில் எழுதிய நர்ஸ்
முட்டிபோட்டு உட்கார்ந்து என் முகத்துக்கு நேரே வந்தாள்.
வலி எப்படி?
இடம் சொல்லத் தெரியும். எத்தனை நாள், தெரியும்.
எப்படி என்பதற்கு
பாடப்புத்தகத்தில் பக்கமில்லை.

ஒரு தாளை நீட்டி விரல் வைத்து வாசித்தாள்.
ஸுகி ஸுகி?
அவள் நெற்றிப்பொட்டு துடித்தது போலிருந்தது.
ஓ, விண் விண். இல்லை.
சிக்கு சிக்கு?
சுருக் சுருக். அதுவும் இல்லை.
கிரி கிரி?

ஏழாம் வகுப்பில் இரட்டைக்கிளவிக்கு
ஐந்துக்கு ஒன்றரை வாங்கியவள் நான்.
பிரித்தால் பொருள் தராது என்று
நூறு முறை எழுதவைத்தார் தமிழையா.
ஒரு அகராதியும் இல்லாமல்
இப்போது மூன்று வலிகளைக் கடந்துவிட்டேன்.

ஷிகு ஷிகு? என்றாள்.
இதற்கு ஒன்றும் அகப்படவில்லை.
கைபேசியைக் கேட்டோம்.
"சத்தமில்லாமல் அழுதல்" என்றது.
இருவரும் திரையையே பார்த்தோம்.
அவள் வேகமாகக் கை அசைத்து,
வயிறு, வயிறு, அழுவதற்கும் அதுதான்,
மந்தமாக, நிற்காமல்...

ஆமாம் என்றேன்.
அதுதான். பதினோரு நாளாக.
எழுதிக்கொண்டாள். எது என்று கேட்கவில்லை.

பத்துக்கு எத்தனை? மூன்று என்றேன்.
பேனாவை எடுக்காமல் காத்திருந்தாள்.
ஆறு என்றேன்.

டாக்டர் வர நேரமாகுமாம்.
அவள் சன்னல் பக்கம் திரும்பி
தனக்குத்தானே போல, ஷின் ஷின், என்றாள்.

தாளில் தேடினேன், இல்லை.
புது வலி போலும்.
விலாவில் கை வைத்தேன், தலையை ஆட்டினாள்.
இடுப்பில் வைத்தேன்.
முழங்காலைத் தொட்டபோது
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
வியட்நாம் பையனும்.

வெளியே காட்டினாள்.
கார் நிறுத்துமிடத்தில்
ஒரு காரையும் காணோம்.
பனி இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமே போடாமல்.
அதற்கு ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள் இங்கே.